சாட்சிக் கூண்டில் சைகைமொழி: நீதிமன்ற மொழிபெயர்ப்புச் சேவை குறித்த ஒரு மதிப்புரை

எந்தச் சேவையையும் மதிப்பிடுவதற்கு அதைப் பெற்றுக்கொண்டவரைத்தான் முதலில் கேட்கவேண்டும். நீதிமன்றத்தில் காதுகேளாதவர்களுக்கு வழங்கப்படும் சைகை மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை இந்த எளிய விதி முதல் அடியிலேயே இடறுகிறது. சாட்சி சொல்லும் காதுகேளாதவர் தம் கைகள் சொன்னதை அறிவார். அது எந்தச் சொற்களாக மாறி நீதிபதியின் காதில் விழுந்தது என்பதை அறியமாட்டார். நீதிபதியோ சொற்களை மட்டும் கேட்கிறார்; கைகள் சொன்னது அவருக்குத் தெரியாது. இரண்டையும் ஒருசேர அறிந்தவர் அந்த அறையில் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். அவரோ மதிப்பிடப்படவேண்டிய மொழிபெயர்ப்பாளர். சேவை நன்றாக இருந்தது என்று நீதிமன்றம் குறித்துவைத்தால், விசாரணை தடையின்றி முடிந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கொள்ள இயலாது.

குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தையோ ஒரு நாட்டின் நீதிமன்றத்தையோ நான் இங்கே மதிப்பிடவில்லை. விசாரணையின்போது காதுகேளாத ஒருவருக்கு ஏற்பாடு செய்து தரக்கூடிய சேவை வகைகளைப் பற்றியே எழுதுகிறேன். நேரில் வந்து நிற்கும் மொழிபெயர்ப்பாளர், அவரோடு இணைந்து பணியாற்றும் காதுகேளாத மொழிபெயர்ப்பாளர், தொலைவிலிருந்து காணொளி வழியே செய்யப்படும் மொழிபெயர்ப்பு, பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கித் திரையில் காட்டும் சுருக்கெழுத்து ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. திறமை, வேகம், வசதி என்று அளவுகோல்கள் எத்தனையோ இருக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் நான் வைப்பது ஒன்றைத்தான்: பிழை நேர்ந்தால் அது எவர் கண்ணுக்காவது படுமா, பட்டால் திருத்திக்கொள்ள வழி இருக்கிறதா?

இந்த அளவுகோல் மிகையானது என்று நினைப்பவர்கள் 2013 டிசம்பர் 10 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த நெல்சன் மண்டேலா நினைவு நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கலாம். உலகத் தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பேச, அவர்களுக்கு அருகில் நின்று ஒருவர் நெடுநேரம் கைகளை அசைத்துக்கொண்டிருந்தார். அவை பொருளற்ற அசைவுகள் என்பதைத் தொலைக்காட்சியில் பார்த்த காதுகேளாதோர் உடனே கண்டுகொண்டார்கள். அவரை அமர்த்தியவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. உலகமே பார்த்த மேடை என்பதால் அந்த உண்மை வெளியே வந்தது. சில பேர் மட்டும் அமர்ந்திருக்கும் ஒரு நீதிமன்ற அறையில் இதுவே நடந்து, அங்கிருக்கும் ஒரே காதுகேளாதவர் குற்றஞ்சாட்டப்பட்டவராகவும் இருந்தால், அந்த மொழிபெயர்ப்பாளரைப் பற்றிய முறையீட்டையும் அவர் அதே மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் சொல்லியாகவேண்டும்.

சேவை புதியதன்று. லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் 1786இல் ஜான் ரஸ்டன் என்ற காதுகேளாத, பேச இயலாத சாட்சி முன்னிறுத்தப்பட்டபோது, அவருடைய சகோதரி மார்த்தா உறுதிமொழி எடுத்து அவருடைய சைகைகளை நீதிமன்றத்துக்குச் சொன்னார். காது கேளாமை ஒருவரைச் சாட்சியாக இருக்கும் தகுதியிலிருந்து விலக்காது என்பதற்கு அவ்வழக்கு நெடுங்காலம் முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. அந்தக் காலத்தில் அது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வீட்டாரை அழைத்துக் கூண்டருகே நிறுத்தும் அந்தப் பழக்கம் இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் ஒழியவில்லை. ராஜஸ்தான் மாநில அரசு தொடுத்த தர்ஷன் சிங் வழக்கில் 2012இல் இந்திய உச்சநீதிமன்றம் ஆராய நேர்ந்தது ஏறத்தாழ இதே நிலைமையைத்தான்: கொலை வழக்கொன்றில் பேசவும் கேட்கவும் இயலாத முக்கியச் சாட்சிக்கு அவருடைய தந்தையே மொழிபெயர்த்தார், அவரிடம் உறுதிமொழியும் பெறப்படவில்லை. காதுகேளாதவர் தகுதியுள்ள சாட்சியே என்று சொன்ன நீதிமன்றம், மொழிபெயர்ப்பவருக்கு வழக்கில் அக்கறை எதுவும் இருக்கலாகாது, அவர் உறுதிமொழி எடுத்திருக்கவேண்டும் என்பதையும் வலியுறுத்தியது. அந்தச் சாட்சியத்தை நம்பகமானதாக ஏற்க இயலாமல் போயிற்று. இழப்பு யாருக்கு என்று பார்த்தால், உண்மையைச் சொல்ல வந்திருக்கக்கூடிய சாட்சிக்கும் அதைக் கேட்டிருக்கவேண்டிய நீதிமன்றத்துக்கும்தான்.

உறவினரின் மொழிபெயர்ப்பை மதிப்பிட எனக்கு அதிக இடம் தேவையில்லை. அதை ஒரு சேவை என்றே கொள்ளலாகாது. அவர்கள் சுருக்குவார்கள், தமக்குத் தெரிந்ததைச் சேர்ப்பார்கள், குடும்ப மானத்துக்கு இழுக்கு என்று பட்டதை விழுங்குவார்கள். பெரும்பாலும் அன்பினால் செய்கிறார்கள் என்பது அதன் தீங்கைக் குறைப்பதில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவரே அந்த உறவினராக இருக்கும் வழக்குகளும் உண்டு என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

சேவையே இல்லாதபோது நடப்பது இன்னும் கொடியது. குற்றஞ்சாட்டப்பட்டவர் விசாரணையை எதிர்கொள்ளத் தக்க மனநிலையில் இருக்கிறாரா என்று அறிய இங்கிலாந்துச் சட்டம் இன்றுவரை அடிப்படையாகக் கொள்ளும் சோதனை, 1836ஆம் ஆண்டின் பிரிட்சர்ட் வழக்கில் உருவானது. அந்த பிரிட்சர்ட் காதுகேளாதவர். விசாரணையைப் பின்தொடர இயலாமையும் அறிவுக்குறையும் ஒரே கேள்விக்குள் அடங்கிப்போனதன் விளைவுகளை அடுத்தடுத்த தலைமுறைகள் அனுபவித்தன. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1925இல் கைது செய்யப்பட்ட ஜூனியஸ் வில்சன் என்ற கறுப்பின இளைஞர், தம் பள்ளியில் கற்ற சைகைகளைப் புரிந்துகொள்வார் எவருமின்றி மனநோயாளி என்று தீர்மானிக்கப்பட்டு, வழக்கு விசாரணையே நடக்காமல், குற்றச்சாட்டு கைவிடப்பட்ட பிறகும் மருத்துவமனை வளாகத்தை விட்டு நீங்காமல் 2001இல் இறந்தார். இண்டியானா மாநிலத்தில் தியோன் ஜாக்சன் என்ற காதுகேளாதவர்மீது சுமத்தப்பட்டவை இரண்டு கொள்ளைக் குற்றங்கள். ஒன்றில் பறிபோனவற்றின் மதிப்பு 4 டாலர், மற்றொன்றில் 5 டாலர். எழுதப் படிக்கவும் சைகைமொழியில் போதிய அளவு உரையாடவும் இயலாத அவரைத் தேறும்வரை அடைத்துவைக்கலாம் என்ற உத்தரவு நடைமுறையில் ஆயுள் தண்டனையாகவே இருந்தது. அவ்வாறு காலவரையின்றி அடைத்துவைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1972இல் தீர்ப்பளித்தது.

இன்று இச்சேவைக்கு எழுத்திலான உத்தரவாதச் சீட்டுகள் நிறையவே உள்ளன. நீதிமன்றத்தின் மொழியைப் புரிந்துகொள்ளவோ பேசவோ இயலாத குற்றஞ்சாட்டப்பட்டவருக்குக் கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளர் உதவி தரவேண்டும் என்று குடிமை, அரசியல் உரிமைகள் பற்றிய 1966ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை தன் 14ஆம் உறுப்பில் கூறுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் குறித்து 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கை, சைகைமொழிகளையும் மொழி என்ற வரையறைக்குள் கொண்டுவந்து, நீதியை அணுகும் உரிமையைத் தனி உறுப்பாகவே வைத்திருக்கிறது. அதே 2006இல் நியூசிலாந்து தன் சைகைமொழியை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்று, சட்ட நடவடிக்கைகளில் அதைப் பயன்படுத்தும் உரிமையையும் வழங்கியது. இவற்றுள் நுகர்வோர் பார்வையில் என்னைக் கவர்ந்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு நெறிமுறைச் சட்டம்: குற்ற வழக்குகளில் மொழிபெயர்ப்பு கிடைக்காவிட்டால் மட்டுமின்றி, கிடைத்த மொழிபெயர்ப்பின் தரம் நியாயமான விசாரணைக்குப் போதாது என்று தோன்றினாலும் முறையிடலாம் என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. முறையிடுபவர் எதை ஆதாரமாகக் காட்டுவார் என்ற கேள்வியைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

மாற்றுவழிகள் என்ற பெயரில் சில நீதிமன்றங்கள் நம்பும் இரண்டு மலிவான ஏற்பாடுகளைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். ஒன்று, உதட்டசைவைப் படித்துப் புரிந்துகொள்வார் என்று விட்டுவிடுவது. பேச்சொலிகளில் பெரும்பகுதி உதட்டில் தெரிவதே இல்லை. தெரிபவையும் ஒன்றுபோல் தோன்றுகின்றன. பணம், மணம் என்ற இரு சொற்களையும் கண்ணாடி முன் நின்று ஓசையின்றிச் சொல்லிப் பார்ப்பவர், ஜீவனாம்ச வழக்கொன்றை உதட்டைப் பார்த்து நடத்த முடியுமா என்பதைத் தாமே முடிவு செய்துகொள்ளலாம். மற்றொன்று, தாளில் எழுதிக் காட்டுவது. சைகைமொழியைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு எழுத்துமொழி பெரும்பாலும் பின்னர் கற்ற இரண்டாம் மொழி. சட்ட ஆவணத்தின் நடை, காதுகேட்கும் படித்தவரையே திணறவைக்கும்போது, அதை ஒரு துண்டுத்தாளில் சுருக்கி நீட்டுவது மொழிபெயர்ப்பு ஆகாது. கையெழுத்துப் போட்டார் என்பதால் புரிந்துகொண்டார் என்றும் ஆகாது.

இனி நேரில் வரும் மொழிபெயர்ப்பாளரைப் பார்ப்போம். இச்சேவையின் அடிப்படை வடிவம் இதுவே, இதன் தரம் மிகவும் ஏறியிறங்குவதும் இங்கேதான். எந்தச் சைகைமொழி என்று கேட்காமலேயே ஆளை அனுப்பும் அலுவலகங்கள் முதல் படியிலேயே தவறுகின்றன. உலகில் 300க்கும் மேற்பட்ட சைகைமொழிகள் உள்ளன. அவை பேச்சுமொழிகளின் எல்லைகளைப் பின்பற்றுவதில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆங்கிலமே பேசப்பட்டாலும் ஒரு நாட்டுச் சைகைமொழி மற்ற நாட்டவருக்குப் புரியாது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் 1817இல் தொடங்கிய காதுகேளாதோர் பள்ளிக்குப் பிரெஞ்சு நாட்டு ஆசிரியர் லோரான் கிளேர் கொண்டுவந்த சைகைகளின் வழியில் அமெரிக்கச் சைகைமொழி வளர்ந்தது. ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகக் காட்ட அதற்கு ஒரு கை போதும், பிரிட்டிஷ் முறைக்கு இரு கைகளும் வேண்டும். புலம்பெயர்ந்து வந்தவர் என்றால் கேள்வி இன்னும் சிக்கலாகும். விசாரணைக்கு முன்பே மொழிபெயர்ப்பாளரும் காதுகேளாதவரும் வழக்கைப் பற்றி அல்லாமல் வேறு எதையேனும் சில நிமிடம் உரையாடிப் பார்ப்பதற்கு நீதிமன்றம் நேரம் ஒதுக்கினால் பெரும்பாலான பொருத்தமின்மைகள் அப்போதே தெரிந்துவிடும்.

தொடர்ந்து மொழிபெயர்ப்பவரின் கவனம் 20 முதல் 30 நிமிடங்களில் தளரத் தொடங்கும் என்பதால் இருவர் மாறி மாறிப் பணியாற்றுவது துறையின் வழக்கம். நீதிமன்ற நிர்வாகங்கள் இரண்டாமவரை வீண் செலவாகக் கருதுவதைக் காண்கிறோம். என் கணக்கில் இரண்டாமவரே முதன்மையானவர். ஓய்விலிருக்கும் அந்த நேரத்தில் அவர் இரு மொழிகளையும் கவனித்துக்கொண்டிருக்கிறார். விடுபட்ட ஒரு தேதியை, மாறிப்போன ஒரு பெயரை, நழுவிய ஒரு எதிர்மறையை அவரால் அங்கேயே சுட்டிக்காட்ட முடியும். வழக்கறிஞரோடு கட்சிக்காரர் அந்தரங்கமாகப் பேசிக்கொள்வதற்கென்று வழக்கறிஞர் மேசையில் தனியாக ஒருவரை அமர்த்தும் முறையும் சில இடங்களில் உண்டு. மன்றத்துக்காக மொழிபெயர்ப்பவரே அந்தரங்க உரையாடலையும் மொழிபெயர்த்தால், அவரைச் சாட்சியாக அழைக்கும் நிலை வந்தாலும் வரலாம். அதைவிட முக்கியமாக, தவறாக மொழிபெயர்க்கப்படும் சாட்சியத்தை உடனுக்குடன் வழக்கறிஞருக்குச் சொல்ல எவரும் இருக்கமாட்டார்கள்.

பேசுபவரோடு ஒரே நேரத்தில் மொழிபெயர்ப்பதா, அவர் ஒரு பகுதியைச் சொல்லி நிறுத்திய பின் மொழிபெயர்ப்பதா என்பதில் எனக்கு ஐயமே இல்லை. சாட்சியம் நிறுத்தி நிறுத்தியே மொழிபெயர்க்கப்படவேண்டும். கனடாவைச் சேர்ந்த டெப்ரா ரஸ்ஸல் மாதிரி விசாரணைகளை நடத்திச் செய்த ஆய்வு, நீதிமன்றத்தில் நிறுத்தி மொழிபெயர்க்கும் முறையே கூடுதல் துல்லியமானது என்று காட்டியது. நேரம் அதிகமாகும் என்பது உண்மை. மேல்முறையீட்டில் மறுவிசாரணைக்கு ஆகும் நேரத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க நிர்வாகங்கள் முன்வருவதில்லை என்பதும் உண்மை.

நல்ல மொழிபெயர்ப்பாளரை அடையாளம் காண, காதுகேட்பவர்களும் பயன்படுத்தக்கூடிய ஓர் அறிகுறி உண்டு: அவர் அவ்வப்போது விசாரணையை நிறுத்துவார். ‘அவர் உங்களை அடித்தாரா’ என்று வழக்கறிஞர் கேட்கிறார் என்று கொள்வோம். பல சைகைமொழிகளில் அடிப்பதைக் காட்டும் கையே முட்டியாகவோ விரித்த உள்ளங்கையாகவோ கம்பைப் பிடித்த பிடியாகவோ அமையும். கேள்வியில் இல்லாத ஒன்றை மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுத்தால், விடையையே சாட்சியின் கையில் கொடுத்ததாக ஆகிவிடும். நேர்மையானவர் நீதிபதியை நோக்கி, இந்தக் கேள்வியை இன்னும் விவரம் இல்லாமல் சைகையாக்க இயலாது என்று எடுத்துரைப்பார். அதைத் திறமைக்குறைவு என்று எண்ணி முகம் சுளிக்கும் நீதிபதிகள், தடங்கலே இல்லாமல் ஓடும் மொழிபெயர்ப்பைக் கண்டுதான் சந்தேகப்படவேண்டும். தலையசைப்பும் இவ்வாறே. சைகையைக் கவனித்துக்கொண்டிருக்கும் காதுகேளாதவர், தொடர்ந்து பின்பற்றுகிறேன் என்று காட்டத் தலையசைத்துக்கொண்டே இருப்பார். குறுக்கு விசாரணையில் அந்த அசைவு ‘ஆம்’ என்று பதிவாகிவிட்டால் பிறகு அதை அழிப்பது எளிதன்று.

அறையின் அமைப்பும் சேவையின் ஒரு பகுதிதான், ஆனால் இதை எவரும் ஒப்பந்தத்தில் எழுதுவதில்லை. காதுகேளாதவரால் ஒரே நேரத்தில் ஆவணத்தையும் மொழிபெயர்ப்பாளரையும் பார்க்க முடியாது. புகைப்படத்தைச் சாட்சியின் கையில் கொடுத்துவிட்டு வழக்கறிஞர் பேசிக்கொண்டே போனால், அந்தப் பேச்சு சாட்சியைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. மொழிபெயர்ப்பாளருக்குப் பின்னால் வெளிச்சமான சன்னல் இருந்தால் முகம் இருண்டுபோகும். சைகைமொழியில் புருவமும் வாயும் இலக்கணத்தின் பகுதிகள் என்பதால், ஒன்று கேள்வியா கூற்றா என்பதே மங்கிவிடும். மொழிபெயர்ப்பு எப்போதும் சில நொடிகள் பின்தங்கியே வரும் ஆதலால், இருவர் ஒருவரையொருவர் இடைமறித்துப் பேசும் வழக்காடலில் ஒருவருடைய பேச்சு கைவிடப்படும். காவலில் உள்ளவரின் கைகளில் விலங்கைப் பூட்டி மன்றத்துக்குக் கொண்டுவருவது இவை எல்லாவற்றிலும் மோசமானது. மற்ற கைதிகளுக்கு அது பாதுகாப்பு நடவடிக்கை, சைகையால் பேசுபவருக்கு வாயைக் கட்டிவிடுவது.

நேரடிச் சேவையில் பலர் கவனிக்கத் தவறும் இன்னொரு குறை குரல் தொடர்பானது. சாட்சி தயங்காமல் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சொல் தேடித் தயங்கித் தயங்கிச் சொன்னால், அந்தத் தயக்கம் சாட்சியின் கணக்கில் எழுதப்படுகிறது. நீதிபதியும், சில நாடுகளில் குடிமக்களைக் கொண்ட நடுவர் குழுவும் (ஜூரி), நம்பகத்தன்மையை எடைபோடுவது அந்தக் கடன்வாங்கிய குரலை வைத்துத்தான். முன்கூட்டியே வழக்குக் கோப்பைப் படிக்கத் தந்தால் இந்தக் குறை பெருமளவு நீங்கும். பெயர்கள், ஊர்கள், மருத்துவச் சொற்கள் எல்லாம் முதன்முறையாகச் சாட்சிக் கூண்டின் அருகில்தான் காதில் விழும் என்றால், எவ்வளவு தேர்ந்தவரும் தடுமாறவே செய்வார்.

காதுகேளாத மொழிபெயர்ப்பாளரை இணைத்துக்கொள்ளும் சேவையே நான் அதிகம் பரிந்துரைப்பது. காதுகேட்கும் மொழிபெயர்ப்பாளர் பேச்சைச் சைகையாக்க, சைகைமொழியைத் தம் இயல்பான மொழியாகக் கொண்ட காதுகேளாதவர் ஒருவர் அதைச் சாட்சிக்கு எட்டும் வகையில் மறுபடி சொல்வார். விடையும் அவ்வழியே திரும்பி வரும். இது எதற்கு என்று கேட்பவர்கள் பலர். காதுகேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் காதுகேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். அவர்களுள் கணிசமானோர் சைகைமொழியைப் பள்ளி வயதில்தான் காண்கிறார்கள், சிலர் அப்போதும் காண்பதில்லை. வீட்டில் உருவான சைகைகளோடும் அரைகுறையாகக் கற்ற மொழியோடும் நீதிமன்றத்துக்கு வருபவரிடம், மௌனமாக இருக்கும் உரிமை, பிணையின் நிபந்தனை, முன்னர் சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் உள்ள முரண் போன்றவற்றை வகுப்பறைச் சைகைமொழியில் விளக்க முடியாது. படம் வரைந்தும், நடித்துக் காட்டியும், நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தியும் பொருளைக் கொண்டுசேர்க்கும் பயிற்சி காதுகேளாத மொழிபெயர்ப்பாளருக்கே இருக்கிறது. இச்சேவையின் குறைகள் வெளிப்படையானவை: நேரம் மிக அதிகமாகும், இத்தகைய பயிற்சி பெற்றவர்கள் குறைவு, ஒரு கட்டத்துக்குப் பதில் இரு கட்டங்களில் பொருள் மாறக்கூடும். எனினும் சாட்சி குழம்பியிருக்கிறார் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லக்கூடிய ஒருவர் அறையில் கூடுதலாக இருக்கிறார். ஐந்துக்கு நான்கரை.

காணொளி வழியிலான மொழிபெயர்ப்பைப் பற்றி அரை மனத்தோடுதான் எழுதமுடிகிறது. முப்பரிமாண வெளியில் இயங்கும் மொழி ஒரு தட்டையான திரைக்குள் அடைக்கப்படுகிறது. இணைப்பு ஒரு நொடி உறைந்தால் ஒரு சொல் போயிற்று, எழுத்தெழுத்தாகக் காட்டப்படும் பெயர் என்றால் அடையாளமே போயிற்று. அறையின் மறுமூலையில் எழும் ஆட்சேபம் தொலைவிலுள்ள மொழிபெயர்ப்பாளருக்குக் கேட்பதில்லை. தமக்குப் புரியவில்லை என்று கையை உயர்த்தும் கட்சிக்காரர் கேமராவின் எல்லைக்கு வெளியே இருக்கிறார். வழக்கறிஞரோடு தனியே பேசிக்கொள்ள இடமில்லை. முழு விசாரணைக்கும் சாட்சியத்துக்கும் இதை ஏற்க இயலாது. கைதான அன்றே நடக்கும் பிணை விசாரணை, வாய்தா தேதி குறிப்பது போன்ற சிறு நடவடிக்கைகளுக்கு, மொழிபெயர்ப்பாளர் வந்துசேரும்வரை ஒருவரைச் சிறையில் காத்திருக்கவைப்பதைவிட இது மேல். இவ்வளவு குறைகளுக்கும் நடுவே, என் முதல் அளவுகோலில் மட்டும் இது நேரடிச் சேவையை முந்திவிடுகிறது: கைகளும் குரலும் கேமரா வழியாகவே செல்வதால் இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்து வைப்பது எளிது.

உடனடி எழுத்தாக்கச் சேவை முற்றிலும் வேறொரு வாடிக்கையாளருக்கானது. வளர்ந்த பின் செவித்திறனை இழந்தவர், படிப்பதில் வேகமுள்ளவர், தம் குரலில் விடை சொல்லக்கூடியவர் ஆகியோருக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. அமெரிக்காவில் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் சான்றிதழுக்கான தேர்வில், கேள்வி பதிலாக அமையும் சாட்சியத்தை நிமிடத்துக்கு 225 சொற்கள் வேகத்தில் எடுக்கவேண்டும்; அத்தகைய கைகளிலிருந்து வரும் எழுத்து பேச்சைவிட்டு அதிகம் பின்தங்குவதில்லை. திரையில் தவறாக வந்ததை நீதிபதியும் வழக்கறிஞரும் கட்சிக்காரரும் ஒருசேரப் பார்க்கிறார்கள் என்பதால், பிழை மறைந்துகொள்ள இடமில்லாத ஒரே சேவை இதுதான். ஆளுக்குப் பதிலாக மென்பொருளை அமர்த்தும் போக்கு வேறு கதை. பெயர்களையும் எண்களையும் எதிர்மறைகளையும் அவை கோட்டைவிடும்போதுகூட வாக்கியம் ஒழுங்காகவே தோற்றமளிப்பதால் ஐயம் எழுவதில்லை. சைகைமொழியாளர் ஒருவரிடம் இந்தத் திரையைக் காட்டி, வசதி செய்து தந்துவிட்டோம் என்று சொல்வதோ மேலே சொன்ன துண்டுத்தாளின் மின்சார வடிவமே.

காதுகேளாதவர் கூண்டில் மட்டுமின்றி நடுவர் இருக்கையிலும் அமரலாமா என்ற கேள்வியிலும் மொழிபெயர்ப்புச் சேவைதான் மையம். நடுவர்கள் கூடி முடிவெடுக்கும் அறைக்குள் பன்னிரண்டு பேரைத் தவிர வேற்றாள் நுழையலாகாது என்ற பழைய விதி மொழிபெயர்ப்பாளரை வெளியே நிறுத்தியது. ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் 2016இல் குயின்ஸ்லாந்து வழக்கொன்றில் அந்த விலக்கலை ஏற்றது; அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழுவோ நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்த இரு முறையீடுகளில் ஆஸ்திரேலியா தன் கடமையில் தவறியதாக முடிவு செய்தது. இங்கிலாந்தும் வேல்ஸும் 2022இல் சட்டத்தைத் திருத்தி, சைகை மொழிபெயர்ப்பாளரை நடுவர் அறைக்குள் அனுமதித்தன. அந்த ஆண்டே குராய்டன் நீதிமன்றத்தில் காதுகேளாத நடுவர் ஒருவர் மொழிபெயர்ப்பாளருடன் பணியாற்றினார். சாட்சியத்தை மொழிபெயர்ப்பு வழியே கேட்டு ஒருவர் தீர்ப்பு வழங்கலாம் என்று ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், அந்த மொழிபெயர்ப்பின் தரத்தைப் பற்றி இனி அலட்சியமாக இருக்க இயலாது என்பதனால் இந்த மாற்றத்தை வரவேற்கிறேன்.

இனி, தள்ளிவைத்த கேள்வி: தரம் போதாது என்று முறையிடுபவர் எதை ஆதாரமாகக் காட்டுவார்? பெரும்பாலான நீதிமன்றங்களின் பதிவு என்பது பேசப்பட்ட சொற்களின் பதிவு. சாட்சியின் சைகைகள் காற்றில் கரைந்துவிட, மொழிபெயர்ப்பாளர் சொன்னதே சாட்சி சொன்னதாக ஏட்டில் நிற்கிறது. மேல்முறையீட்டில் மொழிபெயர்ப்பு தவறு என்று வாதிடுபவரிடம் எந்த இடத்தில் தவறு என்று கேட்டால், காட்டுவதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. தர்ஷன் சிங் வழக்குத் தீர்ப்பு, சைகைகளுக்குத் தரப்பட்ட விளக்கத்தோடு நின்றுவிடாமல் சைகைகளே பதிவு செய்யப்படவேண்டும் என்று கூறியது இதனால்தான். அடுத்த ஆண்டே, அதாவது 2013இல், இந்தியச் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டு, பேச்சால் தொடர்புகொள்ள இயலாத சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளரின் அல்லது சிறப்புக் கல்வியாளரின் துணை வேண்டும், அந்த வாக்குமூலம் காணொளியாகப் பதிவாகவேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2023இல் வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. பிற நாட்டுச் சட்டங்கள் பலவற்றில் உரிமைகள் விரிவாக இருந்தும் இந்தச் சிறிய விதி இல்லாததைப் பார்க்கும்போது, இதன் அருமை கூடுதலாகத் தெரிகிறது. பதிவு எப்படியும் ஆகலாம் என்பதுமில்லை. அறையின் மேல்மூலையில் இருக்கும் பாதுகாப்புக் கேமராவில் விரல்கள் தெரியாது. சாட்சியின் முகம், மார்பு, கைகள் முழுமையாகத் தெரியும்படி ஒரு கோணமும், மொழிபெயர்ப்பாளர் சாட்சிக்குக் கேள்வியை எவ்வாறு காட்டினார் என்பது தெரியும்படி மற்றொரு கோணமும், இரண்டோடும் இணைந்த ஒலியும் வேண்டும்.

வழக்கில் சம்பந்தப்பட்ட காதுகேளாதவரோ அவருடைய வழக்கறிஞரோ இதைப் படிக்கிறார் என்றால், முதல் வாய்தாவிலேயே எழுத்து மூலம் கேட்டுப் பெறவேண்டியவற்றை இங்கே சொல்லிவிடுகிறேன். எந்தச் சைகைமொழி என்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். இருவர் கொண்ட குழுவையும், கட்சிக்காரரின் மொழி அரைகுறையாக இருந்தால் காதுகேளாத மொழிபெயர்ப்பாளரையும் கோரவேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கு இரு தரப்பிலும் உறவோ பகையோ இல்லை என்பதை மன்றத்திலேயே கேட்டுப் பதியவைக்க வேண்டும். சாட்சியத்தை நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்க்கவும், ஆவணம் காட்டப்படும்போது பேச்சை நிறுத்தவும் உத்தரவு பெறவேண்டும். இவற்றில் பாதி கிடைத்தாலே பல நீதிமன்றங்களில் வழக்கத்தைவிட நல்ல சேவை கிடைத்ததாகக் கொள்ளலாம். காணொளிப் பதிவை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அதன் நகல் மேல்முறையீட்டுக் காலக்கெடுவுக்குள் கைக்குக் கிடைக்கும்படி அன்றே மனு கொடுக்கவேண்டும். நீதிமன்றம் மறுத்தால், மறுப்பையும் அதற்கான காரணத்தையும் உத்தரவாக எழுதித் தரும்படி கேட்கவேண்டும். சைகைகளின் பதிவு இல்லாத வழக்கில், மேல் நீதிமன்றத்தின் முன் வைப்பதற்கு அந்த எழுத்து ஒன்றாவது இருக்கும்.